நல்லது செய்வதைச் சொல்லக் கூச்சப்படும் ஒரு கைத்தறி வியாபாரிக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஈரோடு மாவட்டத்தில் பதினான்கு நெசவாளர் குடும்பங்களுடன் சேர்ந்து, இயற்கைச் சாயமிட்ட பருத்திப் புடவைகளை மூன்று ஆண்டுகளாக இணையத்தில் விற்கிறீர்கள். ஊரில் நடக்கும் கூலியைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். சாயத் தண்ணீரை வாய்க்காலில் விடுவதில்லை. விற்பனை ஓர் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 'உங்கள் கதையை நாங்கள் சொல்கிறோம்' என்று ஒரு விளம்பர நிறுவனம் மாதம் 75,000 ரூபாய் கேட்கிறது. எங்கள் கொள்கையை மக்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது, அவர்களை அமர்த்தலாமா என்பது நீங்கள் கேட்டது. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், 'இதையெல்லாம் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கும் அடியில், நீங்கள் எழுதாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பக்கத்துத் தெருவில் விசைத்தறிப் புடவை பாதி விலைக்குக் கிடைக்கும்போது, கொள்கையைச் சொன்னால் மட்டும் ஜனங்கள் கூடுதல் பணம் கொடுத்துவிடுவார்களா?

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அதன் பிறகு பதினாறு ஆண்டுகளாகக் கோவையைச் சுற்றியுள்ள சிறு தொழில்களுக்கு, பெரும்பாலும் செக்கு எண்ணெய், சிறுதானியம், கைத்தறி, மக்கள் தொடர்பு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். வக்கீல் இல்லை. தறியில் உட்கார்ந்ததும் இல்லை. நான் சொல்வதில் சட்டம் வரும் இடத்தை ஒரு வக்கீலிடமும், சாயம் வரும் இடத்தை உங்கள் சாயக்காரரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதாத கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொள்கை முதல் புடவையை விற்பது அபூர்வம். இதை ஓரளவு உறுதியாகவே சொல்வேன். 'சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளுக்குக் கூடுதல் விலை தருவீர்களா' என்று கேட்டால் பெரும்பாலானோர் ஆம் என்பார்கள். கடையில் நிற்கும்போது அதே ஆட்கள் வேறொன்றை எடுத்துப் போவார்கள். சந்தை ஆய்வு செய்பவர்களுக்கு இது பழைய சங்கதி. முதல் முறை ஒருவர் வாங்குவது நிறம் பிடித்து, கரை பிடித்து, யாரோ கட்டியிருந்ததைப் பார்த்து. கொள்கை வேலை செய்வது அதன் பிறகு. இரண்டாவது புடவைக்கு வரவைக்கும், தங்கையிடம் சொல்லவைக்கும், ஏதாவது தவறு நேர்ந்தால் ஒரு தடவை பொறுத்துக்கொள்ளவைக்கும்.

கொள்கைக்காக வாங்கும் ஜனங்களை மட்டும் நம்பி நடந்த தொழிலுக்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 10 லட்சம் ரூபாய் மூலதனம், ஒரு பங்கு 25 ரூபாய். செய்தியைப் பொறுத்தவரை அதற்கு நிகரான பிரசாரத்தை நான் கண்டதில்லை. வியாபாரிகளும் பயணிகளும் வெள்ளைக்காரன் கப்பலை விட்டு இதில் ஏறினார்கள். எதிர்த் தரப்பு என்ன செய்தது? பேச்சுக்குப் பேச்சு பேசவில்லை. கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. பிறகு கட்டணமே வேண்டாம், ஏறினால் ஒரு குடையும் இனாம் என்றது. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. விலைப்போர் எவ்வளவு, அரசின் அடக்குமுறை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வரலாற்றாசிரியர் வேலை. எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: அந்தக் காலத்தின் உணர்ச்சி வேகத்திலேயே குடை ஒரு ஆயுதமாக இருந்திருக்கிறது. உங்கள் எதிரில் விசைத்தறி நீட்டும் தள்ளுபடியும் அதே குடைதான். அதோடு விலையில் மோதாதீர்கள். விலை ஏன் இப்படி என்று விளக்கிக்கொண்டே இருப்பது தவிர உங்களுக்கு வேறு வழியில்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. விற்பனை நின்றதற்குக் காரணம் செய்தி போய்ச் சேராததுதான் என்று எப்படி முடிவுசெய்தீர்கள்? எது நடக்காவிட்டாலும் 'மக்களுக்குத் தெரியவில்லை' என்று சொல்வது எங்கள் தொழிலைப் பிடித்த நோய். மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரம்ப கால அனுபவம் இதற்கு நல்ல மருந்து. கிராமங்களில் முகாம் நடத்தி, கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும், தேவைப்பட்டவர்களில் சிறு பகுதியினரே வந்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது, சிகிச்சை இலவசம்தான், ஆனால் பஸ் கட்டணம் இலவசமில்லை, சாப்பாடு இலவசமில்லை, துணைக்கு வரும் மகன் இழக்கும் கூலியும் இலவசமில்லை. பயணத்தையும் சாப்பாட்டையும் மருத்துவமனையே ஏற்ற பிறகு நிலைமை மாறியது. அங்கே இன்னும் பெரிய எழுத்தில் நோட்டீஸ் அடித்திருந்தால் காகிதம்தான் வீணாகியிருக்கும். உங்கள் கடையில் அந்த பஸ் கட்டணம் எது? திரையில் பார்க்கும் நீலமும் கையில் வரும் நீலமும் ஒன்றா என்ற பயமாக இருக்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்பது உங்கள் தளத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை. கூடைவரை வந்து வாங்காமல் போன இருபது பேரிடம் வாட்ஸ்அப்பில் பணிவாகக் காரணம் கேளுங்கள். பாதிப் பேர் பதில் சொல்லமாட்டார்கள். சொல்லும் பாதியே போதும்.

இனி கூச்சத்துக்கு வருகிறேன். அது சரியான கூச்சம், விட்டுவிடாதீர்கள். உங்கள் தளத்தில் 'நெசவாளர் நலனில் அக்கறை கொண்ட நிறுவனம்', 'இயற்கையோடு இணைந்த நெசவு' என்று இரண்டு வரிகள் பார்த்தேன். இவற்றைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது, எழுதிய உங்களுக்கு இராதா? தம்பட்டம் என்பது பெரும்பாலும் அடைமொழியில் இருக்கிறது. விவரத்தில் இருப்பதில்லை. 'அக்கறை கொண்ட' என்பது நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ். அதற்குப் பதிலாக, 'இந்தப் புடவையை நெய்ய மூன்று நாள் ஆனது, நெய்தவருக்குக் கூலி இவ்வளவு, பாவு ஓட்டியவருக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, கடை நடத்த எங்களுக்கு இவ்வளவு' என்று ரூபாயில் எழுதுங்கள். அதில் பெருமை எதுவும் இல்லை, கணக்கு இருக்கிறது. நல்லவரா இல்லையா என்பதைப் படிப்பவர் முடிவுசெய்துகொள்வார். 'இவ்வளவுதானா கூலி' என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதென்றால் அது கூலியில் உள்ள குறை.

நான் ஒரு வரியை வெளியிடலாமா வேண்டாமா என்று பார்க்கும் உரைகல் ஒன்றுதான். இந்த வரியை வைத்து என்னை ஒருவர் கையும் களவுமாகப் பிடிக்க முடியுமா? முடியும் என்றால் அது சொல்லத்தக்க வரி. 'தரத்தில் சமரசமில்லை' என்பதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது, அதனால்தான் ஊரெல்லாம் அதைச் சொல்கிறது. 'கூலியைச் சனிக்கிழமைதோறும் வங்கிக் கணக்கில் போடுகிறோம்' என்பதை வைத்துப் பிடிக்கலாம். ஒரு சனிக்கிழமை தவறினால் பதினான்கு வீடுகளில் சாட்சி இருக்கிறது.

அந்தப் பதினான்கு வீடுகள்தான் உங்கள் முதல் வாசகர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கைத்தறி நிறுவனத்துக்கு வேலை செய்தபோது, நெய்தவரின் படத்தையும் பெயரையும் புடவையோடு ஓர் அட்டையில் சேர்க்கச் சொன்னேன். கோ-ஆப்டெக்ஸ் பட்டுப் புடவைகளில் அப்படிச் செய்து நல்ல பெயர் வாங்கியிருந்தது, யோசனை புதிதல்ல. அட்டை அழகாக வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த அட்டையில் இருந்த அம்மாளின் மகன் நகரத்துக் கடை ஒன்றில் அதே புடவையின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டான். தாய்க்குக் கிடைத்தது விலையில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு எழுதி, படத்தோடு எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். கூலி அநியாயமில்லை, கடை வாடகையும் தரகும் வட்டியும் விலையில் இருந்தன. ஆனால் அதை அந்த அம்மாளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. படம் எடுக்கச் சம்மதம் கேட்டார்கள், அது எங்கே எதற்குப் போகிறது என்று விளக்கவில்லை. பழியில் பாதி என்னுடையது. அன்றிலிருந்து, வெளியே போகும் எதையும் முதலில் வேலை செய்கிறவர்களிடம் வாசித்துக் காட்டாமல் விடுவதில்லை. விற்பனை விலையையும் சேர்த்து. சங்கடமான அரை மணி நேரம்தான். அதைத் தாண்டிய செய்திக்குப் பிறகு பயமில்லை.

இயற்கைச் சாயம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். 'ரசாயனமே இல்லாத புடவை' என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் சாயக்காரர் நிறம் பிடிக்கப் படிகாரம் போடுகிறாரா? போடாமல் மஞ்சிட்டி வேரிலிருந்து எடுக்கும் சிவப்பு நூலில் நிற்காது. படிகாரம் ரசாயனம்தான், தீங்கில்லாதது, நாவிதர் கடையில் கன்னத்தில் தேய்ப்பது, ஆனாலும் ரசாயனம். அவுரி நீலத்தில் இன்னும் நுணுக்கம் உண்டு. சுண்ணாம்பு, வெல்லம், தகரை விதை சேர்த்துத் தொட்டியைப் புளிக்கவைத்துச் செய்வது ஒரு முறை. நாள் பிடிக்கும், கைப்பக்குவம் வேண்டும். ஹைட்ரோஸ் என்ற ரசாயனப் பொடியைப் போட்டுச் சில நிமிடங்களில் தொட்டியைத் தயார் செய்வது இன்னொரு முறை. இரண்டிலும் நீலம் அவுரியிலிருந்து வரலாம், ஆனால் இரண்டையும் ஒரே சொல்லால் விற்கக்கூடாது. உங்கள் தொட்டி எந்த வகை என்று நேரில் போய்ப் பாருங்கள், பிறகு எழுதுங்கள். 'கடுக்காயும் படிகாரமும் ஊட்டி, மஞ்சிட்டி வேரில் காய்ச்சிய சிவப்பு. வெயிலில் காயவைத்தால் மங்கும்' என்று எழுதினால் 'ரசாயனமே இல்லாத' என்பதைவிட அது நன்றாக விற்கும் என்பது என் அனுபவம். என் அனுபவம் மட்டும்தான், சத்தியம் செய்யமாட்டேன்.

அனுபவத்தைவிட உறுதியானது சட்டம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய்யான சுற்றுச்சூழல் உரிமைகோரல்களைத் தடுப்பதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'இயற்கையானது', 'பசுமையானது', 'ஆர்கானிக்', 'சூழலுக்கு உகந்தது' போன்ற சொற்களைத் தக்க விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் வெறுமனே பயன்படுத்தக்கூடாது, ஆதாரத்தை வாங்குபவர் பார்க்கும்படி, தேவையானால் க்யூஆர் கோடு வழியாகவாவது, வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. உங்களைப் போன்ற சிறிய கடையைத் தேடி வருவார்களா என்று கேட்டால், நான் பார்த்தவரை யாரும் தானாக வருவதில்லை. போட்டியாளர் புகார் கொடுத்தால் வருவார்கள். கைத்தறி என்பதற்கு 2006 முதல் மத்திய அரசின் கைத்தறி முத்திரை இருக்கிறது, வாங்கிவிடுங்கள். விசைத்தறியைக் கைத்தறி என்று விற்கும் ஊரில் உங்கள் வாய்ச்சொல் எவ்வளவு உண்மையானாலும் போதாது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது ஆச்சரியம். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் பட்ட பாட்டைப் பார்த்த ஜனங்கள் உங்களைச் சுற்றி இருக்கிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறக்காது. இங்கே 'சூழலுக்கு உகந்த' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. 'ஒரு தொட்டித் தண்ணீரை எத்தனை முறை பயன்படுத்துகிறோம், கடைசியில் அது எந்த வயலுக்குப் போகிறது, அந்த வயலில் என்ன விளைகிறது' என்று எழுதினால் உங்களிடம் உள்ளவற்றிலேயே பெரிய செய்தி அதுதான். அதற்கு முன் அந்தத் தண்ணீரை ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். முடிவு மோசமாக வந்தால்? முதலில் சரிசெய்யுங்கள். எழுதுவது பிறகு.

இன்னும் சரிசெய்ய முடியாத குறைகளையும் வெளியே சொல்வதா என்று தயங்குவீர்கள். நெதர்லாந்தில் டோனிஸ் சாக்கோலோன்லி என்ற சாக்லேட் நிறுவனம் இருக்கிறது, 2005-இல் ஒரு பத்திரிகையாளர் தொடங்கியது. கொக்கோ தோட்டங்களில் அடிமை உழைப்பை ஒழிப்பதுதான் அதன் கொள்கை. தங்களுக்குக் கொக்கோ தரும் குடும்பங்களில் 1,701 குழந்தைத் தொழிலாளர்களைக் கண்டறிந்ததாக அவர்களே தங்கள் ஆண்டறிக்கையில் வெளியிட்டார்கள். தேடினால்தான் கிடைக்கும், கிடைத்தால்தான் தீர்க்க முடியும் என்பது அவர்கள் வாதம். பத்திரிகைகள் விடவில்லை, எதிர்மறைத் தலைப்புகள் வந்தன. மறைத்து வைத்து மற்றவர் கண்டுபிடித்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு அடுத்த நாள் என்று ஒன்று இருந்திருக்காது என்பது என் கணிப்பு. உங்கள் குறை அத்தனை பெரிதில்லை. நூல் மில்லிலிருந்து வருகிறது, பருத்தி எங்கே விளைந்தது என்பதற்கு உங்களிடம் தாள் இல்லை, ஆகவே 'ஆர்கானிக் பருத்தி' என்று சொல்ல முடியாது. கூரியர் உறை பிளாஸ்டிக். இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

விளம்பர நிறுவனத்தைப் பற்றி. இதில் எனக்குச் சாய்வு உண்டு, நானும் அந்தச் சோற்றைத் தின்பவன், அவர்கள் என் போட்டியாளர்கள். அதை மனதில் வைத்துப் படியுங்கள். மாதம் 75,000 இப்போது வேண்டாம். அந்தப் பணத்துக்கு அவர்கள் பெரும்பாலும் தருவது மாதம் பன்னிரண்டு ரீல்ஸ், இரண்டு பத்திரிகைக் குறிப்பு, ஓர் அறிக்கை. தறிச் சத்தத்தின் மேல் வீணை வாசிக்கும் ரீல்ஸை நானே நூறு பார்த்திருக்கிறேன், எந்தக் கடையுடையது என்று ஒன்றுகூட நினைவில்லை. மூன்று மாதப் பணத்தில் நல்ல புகைப்படக்காரரை வைத்து ஒவ்வொரு நிறத்தையும் வெயிலிலும் வீட்டு விளக்கிலும் எடுத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விக்குப் பதில் சொல்ல, புடவை தெரிந்த ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கலாம். வாங்குபவரைப் பொறுத்தவரை அவர்தான் உங்கள் நிறுவனம். அவர் 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லப் பழகியிருந்தால் பாதி மக்கள் தொடர்பு முடிந்தது.

பத்திரிகைக்கு நீங்களே எழுதலாம். 1905-இல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாளை ஒட்டி ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினமாக 2015 முதல் நடக்கிறது. அந்த வாரம் எல்லா நாளிதழும் ஒரு நெசவாளரைத் தேடும், எல்லாக் கடையும் ஒரு நெசவாளரை நீட்டும். நெரிசல். நீங்கள் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, உள்ளூர் நிருபர் செய்திக்கு அலையும் நாளில், தண்ணீர்ப் பரிசோதனை முடிவோடு போய் நில்லுங்கள். 'எங்கள் நிறுவனம் மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது' என்பதை நான் விளம்பரப் பிரிவில் இருந்த காலத்தில் ஆசிரியர் குழு எங்களிடம் திருப்பி அனுப்பி, காசு கொடுத்துப் போடச் சொல்லும். நியாயம்தான்.

ஒரு நாள் சாயம் கசியும். யாருடைய வெள்ளைச் சட்டையோ நீலமாகி, படத்தோடு பொதுவெளியில் வரும். அன்று 'எங்கள் நிறுவனம் எப்போதும்' என்று தொடங்காதீர்கள். எந்தத் தொட்டி, எத்தனை புடவை, பணம் எப்போது திரும்பும் என்று அன்று மாலைக்குள் எழுதுங்கள். நெசவாளர் மேலோ சாயக்காரர் மேலோ பழி போடாதீர்கள். கூலியை விளம்பரமாகச் சொன்னவர், குறை வந்ததும் கூலிக்காரரைக் காட்டிக் கொடுத்தால் ஜனங்கள் மன்னிக்கமாட்டார்கள்.

இவ்வளவும் செய்தால் விற்பனை எவ்வளவு ஏறும் என்று கேட்டால் எண் தரமாட்டேன். தருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு தீபாவளிக்கு விற்பனை ஏறினால் காரணம் உங்கள் செய்தியா, போனஸா, மழை இல்லாததா என்று சிறு கடைக் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது. நான் பார்ப்பது இரண்டே கணக்கு: இரண்டாவது முறை வாங்கியவர்கள் எத்தனை பேர், புதிதாக வந்தவரிடம் 'யார் சொன்னார்கள்' என்று கேட்டால் ஓர் ஆளின் பெயரைச் சொல்பவர்கள் எத்தனை பேர். ஆறு மாதம் ஒரு நோட்டில் எழுதிவந்தால் போதும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் தளத்தில் உள்ள 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு அந்தப் பதினான்கு வீட்டுக்கும் போய் உரக்கப் படியுங்கள். யார் எந்த வரியில் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதினால், அந்த வரிகளை மாற்ற நானும் கூட உட்காருகிறேன். கட்டணம் வேண்டாம், மஞ்சிட்டிச் சிவப்பில் என் மனைவிக்கு ஒன்று எடுத்து வையுங்கள், விலைக்குத்தான்.